ஏலக்காய்க்கு உண்டு சோதனை! எடுப்பவளுக்கு?

கிழக்கு வெளுக்கும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து புறப்படுகின்றன ஜீப்புகள். பிதுங்கி வழியும் கூட்டம், மடியிலே தூக்குவாளி, கண்ணிலே தீராத தூக்கம். போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, மாநில எல்லை தாண்டி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலே குனிந்து காய் எடுக்கப் போகும் தாய்மார்கள் அவர்கள். எடுத்த காய் போடியிலும் புத்தடியிலும் ஏலத்துக்கு வருகிறது, மணக்கிறது, பணமாகிறது. கடல் கடக்குமுன் அந்தக் காயைச் சோதிக்கிறார்கள். பூச்சிமருந்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அரபு நாட்டுச் சீமான் அருந்தும் காப்பியிலே நஞ்சு கலந்துவிடக்கூடாதல்லவா! நாம் கேட்பது ஒன்றுதான். அந்த மருந்து தெளித்த செடிகளுக்கு நடுவே நாள் முழுதும் நிற்கிறாளே, அவளுடைய கல்லீரலை அளந்து பார்ப்பவர் யார்?

பல் வலித்தால் உறக்கம் போகும்; வயிறு வலித்தால் வாய்விட்டு அலறுகிறோம். கல்லீரலோ ஏழைப் பாட்டாளியைப் போன்றது. பெரும்பகுதி பழுதான பிறகும் முணுமுணுக்காமல் உழைக்கும். கண் மஞ்சளித்த பிறகுதான் காமாலை என்கிறது ஊர். உடனே மந்திரிக்க ஒருவர், மாலை போட ஒருவர், கீழாநெல்லி அரைத்துத் தர ஒருவர். மூவருக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. எப்படி? அசுத்தக் குடிநீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். இறங்கியது நோய், ஏறியது மந்திரவாதியின் புகழ்! ஆனால் கருவுற்ற பெண்ணை ஈ வகை தாக்கினால் உயிருக்கே உலை. இரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும் பி வகையோ, ஆண்டுக்கணக்கில் உள்ளே ஒளிந்திருந்து, ஈரலைச் சுருக்கி, புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். அதற்கு மந்திரமும் தெரியாது, மாலையும் தெரியாது.

கீழாநெல்லியைக் கும்பிடவும் வேண்டாம், கிள்ளி எறியவும் வேண்டாம். சோதித்துப் பார் என்பதே பகுத்தறிவு. சென்னை அதைச் செய்து காட்டியது. டாக்டர் எஸ். பி. தியாகராசன் குழுவினரும், பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து, 1988-இல் லான்செட் ஏட்டிலே ஒரு முடிவை வெளியிட்டனர். நோய் வெளித்தெரியாமல் கிருமியைச் சுமந்தவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லி, வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மறு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலிக் குளிகை. மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்திலே கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி உண்ட 23 பேரில் ஒரே ஒருவருக்கு!

கைதட்டினர் பலர். அறிவியல் கைதட்டலோடு நிற்பதில்லை. தாய்லாந்திலே செய்து பார்த்தனர். நெதர்லாந்திலே செய்து பார்த்தனர். அந்தப் பலன் கிட்டவில்லை. 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான சான்று இல்லை என்றது. இதிலே சென்னைக்கு என்ன இழிவு? துணிந்து சோதித்தது பெருமை. பிறர் மறுசோதனை செய்தது முறைமை. 22 பேர் என்ற பாதிக் கதையை மட்டும் சொல்லிப் பொட்டலம் விற்பவர்களுக்குத்தான் இழிவு. அந்தப் பொட்டலத்தை நம்பி மருத்துவரின் மாத்திரையை நிறுத்துகிறவன் இழப்பது ஈரலை!

வழியே இல்லையா? இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் பி வகைக்கான காப்பும் அடக்கம். பி, சி வகைகளுக்கு இலவசச் சோதனையும் சிகிச்சையும் தரும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்டது. குழந்தைக்குக் கவசம் வந்தது. ஆனால் அதற்குப் பல்லாண்டு முன்பே பிறந்து, இன்று மலையேறும் தாய்க்கு? மருத்துவமனை சீட்டு எழுதும் வேளையில் அவள் மலைமேல் இருக்கிறாள். இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு. வாக்கு இங்கே, வேலை அங்கே. நோய் யார் கணக்கில்?

ஆராய்ச்சி என்ற சொல் போடிக்குப் புதிதல்ல. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவைத் தேட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தனர், தமிழக அரசும் 2022-இல் உச்சநீதிமன்றத்திலே மறுப்பைச் சொன்னது. அந்த வழக்கை இங்கே வளர்க்கப் போவதில்லை. அண்டத்தைத் துளைத்து வரும் துகளைத் தேட மலைக்கு வரத் தெரிந்த டில்லிக்கு, அதே மலையடிவாரத்து மக்களின் ஈரலைத் தேடி வரத் தெரியாதா?

தேனியிலே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது ஏலத்தோட்டத் தொழிலாளரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராயட்டும்: குடிநீர், பூச்சிமருந்து, சாராயம், கிருமி, எது எவ்வளவு ஈரலைத் தின்கிறதென்று. ஆனால் அவர்களைச் சோதனை எலிகளாக்க வேண்டாம். புரியும் தமிழில் சொல்லி இசைவு பெறட்டும். இழந்த கூலியைத் தரட்டும். முடிவை அவர்கள் கையிலே கொடுக்கட்டும். நோய் கண்டவர்க்குச் சிகிச்சை தொடங்கட்டும். பி வகைக்கான முதற்சோதனைக்கு விரல்நுனி இரத்தமும் அரைமணி நேரமும் போதும். ஜீப்புகள் திரும்புவது மாலையில். அவை வந்து நிற்கும் இடத்திலே, மாலையில், ஒரு மேசையைப் போடுங்கள்.