எலியின் வாலும் நம் முதுகும்

'முதுகுவலிக்குத் தீர்வு, எலிகளில் வெற்றி' என்ற வகைச் செய்திகளை நாளிதழ்கள் சளைக்காமல் அச்சிடுகின்றன. உள்ளே புகுந்து படித்தால் பல நேரம் அங்கே முதுகே இல்லை, வால்தான் இருக்கிறது. எலியின் வால் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டை ஊசியால் துளைப்பார்கள். சில வாரங்களில் அது வறண்டு சுருங்கும். இதற்குத்தான் முதுகுவலி ஆய்வு என்று பெயர்.

விலங்குகள் நான்கு காலில் நடப்பவை, ஆகவே ஒப்பீடு செல்லாது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. தசைகள் இறுக்குவதால் அவற்றின் தண்டிலும் நெடுக்குவாக்கில் சுமை உண்டு. டாக்ஸ்ஹண்ட் நாய்க்கு யாரும் குத்தாமலேயே வட்டு சிதைகிறது. இந்த நான்குகால் வாதத்தை நம்பித்தான் ஒரு காலத்தில் எலிகளின் முன்னங்கால்களை வெட்டி நிமிர்ந்து நடக்கவைத்தார்கள். என்ன கொடுமை!

உண்மையான தடைகள் வேறு. எலியின் வட்டு நடுவே கருப்பருவ முதுகுநாண் உயிரணுக்கள் வளர்ந்த பிறகும் நீடிக்கின்றன; நமக்கோ சிறுவயதிலேயே மறைகின்றன. எலியின் வட்டு சில மில்லிமீட்டர். நம் இடுப்பு வட்டின் அகலம் ஏறத்தாழ 4 செ.மீ. இரத்தக்குழாய் அற்ற அதன் நடுப்பகுதிக்கு ஊட்டம் மெல்லக் கசிந்தே சேரவேண்டும்.

அந்தக் கசிவை மனிதரிடமே அளந்து காட்டியது கோவை கங்கா மருத்துவமனை. மருத்துவர் ச. ராஜசேகரன் குழுவினர் எம்.ஆர்.ஐ. படங்களை அடுத்தடுத்து எடுத்துச் செய்த அந்த ஆய்வு 2004இல் பன்னாட்டுப் பரிசு பெற்றது. வட்டுப் பிதுக்கம் கொண்ட 181 பேரை ஆராய்ந்த அவர்களுடைய 2013ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் முக்கியமானது. பெரும்பாலோரிடம் பிளவு நேர்ந்தது வட்டு எலும்போடு இணையும் தட்டில்; வெளிவளையம் கிழிந்தவர்கள் குறைவு. ஊசி துளைப்பதோ வெளிவளையத்தை! நோய் ஒரு வாசலில் நுழைய, நாம் வேறொரு வாசலில் காவல் நிற்கிறோம்.

அதைவிடப் பெரிய பிழை, தேய்வையும் வலியையும் ஒன்றாக்குவது. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்வு இருந்தது. சவ்வாது மலையிலிருந்து ஆலங்காயத்துக்குப் புளிமூட்டை சுமந்து இறங்கும் பெண்ணிடம் படத்தைக் காட்டி 'ஜவ்வு விலகிடுச்சு' என்கிறோம். வட்டு விலகுவதில்லை, பிதுங்கும், வறளும். அவள் வலிக்கு அதுதான் காரணமா என்பது தனிக் கேள்வி. அவளையாவது கேட்கலாம். எலியிடம் தொடுகைக்குக் காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்த்து ஊகிக்க வேண்டும்.

விலங்காய்வே கூடாது என்பதல்ல என் கட்சி. உயிரணுக்களின் செயலை அறிய அது உதவும். எந்த விலங்கு, என்ன வயது, வட்டை எவ்வாறு சிதைத்தார்கள் என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். வாலில் நடந்த சோதனையென்றால் தலைப்பில் 'எலி வால்' என்றே போடுங்கள்.