இதயம் அஞ்சு... காத்திருப்பு அரை மணி!

"எங்க பையன் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தாங்க வீடியோ கேம் ஆடறான்" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, விளையாட்டையும் பார்க்க வேண்டும்!

போக்கிமான் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அத்துப்படி. 1996-ல் ஜப்பானில் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவிக்காக வந்தது. இதை உருவாக்கிய சடோஷி தஜிரி, சின்ன வயசில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்த ஆசைதான் விதவிதமான குட்டி ஜந்துக்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டாக மாறியது.

அந்த ஜந்துக்களை வைத்தே புதிர் விளையாட்டுகளும் வந்தன. 2000-ல் வந்தது 'போக்கிமான் பஸில் சேலஞ்ச்'. கட்டைகள் கீழிருந்து ஏறிக்கொண்டே வரும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை இடம் மாற்றி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தால் மறையும். உச்சியைத் தொட்டால் ஆட்டம் குளோஸ்! ஒரு தடவை காசு கொடுத்து கேட்ரிட்ஜ் வாங்கினால் சரி. அப்புறம் அது உங்களிடம் எதுவும் கேட்காது.

2015-ல் 'நின்டெண்டோ 3டிஎஸ்' கருவிக்கு வந்த 'போக்கிமான் ஷஃபிள்' வேறு ரகம். இதை அப்போது இலவசமாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைக் கட்டங்கள். ஒரே முகம் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் மறையும், எதிரே நிற்கும் போக்கிமானுக்கு அடி விழும். மூளைக்கு நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'இதயம்' செலவு. மொத்தம் ஐந்துதான். தீர்ந்தால் அரை மணிக்கு ஒன்று வீதம் ஊறும். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம்! காத்திருக்க முடியலையா? நிஜக் காசு கொடுத்து 'நகை' வாங்கி, அதை இதயமாக மாற்றிக்கொள்ளவும் அப்போது வழி இருந்தது.

"அட, நல்லதுதானே! அதுவே பிள்ளையை நிறுத்தி வைக்குதே" என்பீர்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அது உங்கள் பிள்ளை களைத்தபோது நிறுத்துவதில்லை. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று துடிக்கும்போது நிறுத்துகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. ஐந்து நிரம்பிவிட்டால் அதற்கு மேல் தானாக ஊறாது. 'ஐயோ, வீணாகுதே' என்ற தவிப்பு! கருவி மேஜை மேல் கிடக்கும். மனசு மட்டும் இதயத்தை எண்ணிக்கொண்டிருக்கும். சோறு, பாடம், தூக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் கணக்கு ஓடும். ஆடிய நேரம் அரை மணிதான், பறிபோனதோ ஒரு நாள் முழுக்க.

அந்தக் கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. வித்தை நிற்கவில்லை. 2012-ல் வந்த 'கேண்டி கிரஷ்' விளையாட்டிலும் இதே ஐந்து உயிர், இதே அரை மணி. அது உங்கள் செல்போனிலேயே இருக்கலாம்!

ஜப்பானின் ககாவா மாகாணம் 2020-ல் ஒரு விதி போட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம் ஆடலாம் என்றது. தண்டனை கிடையாது, பெற்றோருக்கு ஒரு வழிகாட்டல், அவ்வளவுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் இதயம் எண்ணும் மனசை நிமிடக் கணக்கால் பிடிக்க முடியுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றது. அதற்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற வேலைகளை விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்று அதில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? (நாலு நாள் ஆடியதற்கே 'நோய்' என்று பயந்துவிடாதீர்கள்.)

சரி, என்ன செய்யலாம்?

* புது விளையாட்டு வந்தால் முதலில் நீங்களே பத்து நிமிஷம் ஆடிப் பாருங்கள். காத்திருக்கச் சொல்கிறதா, காசு கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

* நிமிடத்துக்குப் பதில் வேளை குறியுங்கள். "சாயங்காலம் ஒரு தடவை. இருக்கிற அஞ்சு இதயம் தீர்ந்தா முடிஞ்சது. மிச்சம் நாளைக்கு." நாளைக்கு அது தானாக நிரம்பியிருக்கும், எதுவும் வீணில்லை என்று பிள்ளைக்குப் புரிய வையுங்கள்.

* காசு கட்டும் வழியை அடைத்துவிடுங்கள். கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

* நீண்ட நேரம் ஆடினால் மணிக்கொரு தரம் 10 முதல் 15 நிமிடம் ஓய்வு தேவை. இதை நின்டெண்டோ கையேடே சொல்கிறது.

முக்கியமாக, கருவியை வைத்த பிறகு பிள்ளை என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஓடிப் போய் வேறு விளையாட்டில் கலந்துவிட்டால் கவலை வேண்டாம். மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்!