குடியை விட்டவரின் காலைநடை



பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்னும் வேண்டுகோளுடன் சகோதரி ஒருவர் எழுதிய நான்கு பக்கக் கடிதம் நமக்கு வந்துள்ளது. அதற்குத் தனியே மறுமொழி அனுப்பிவிட்டோம். ஆயினும் அவர் எழுப்பியுள்ள வினாக்கள் ஒரு வீட்டோடு நிற்பவை அல்ல. ஆகவே அவருடைய இசைவு பெற்று, இம்மாதம் இப்பகுதியில் அவற்றை எடுத்துக்கொள்கிறோம்.

அவருடைய கணவர் கொத்தனார், வயது 44. இளமையில் பங்கின் கைப்பந்துக் குழுவில் வலையருகே நின்று ஆடியவர். சுற்று வட்டாரத்தில் அவருடைய அடிக்குத் தனிப்பெயர் உண்டாம். பின்னர் பதினைந்து ஆண்டுகள் குடி அவரை அடித்து வீழ்த்தியது. சென்ற ஆண்டு மருத்துவமனையில் பத்து நாள் கிடந்து, விபூதிப் புதனுக்கு முந்திய நாள் வீடு திரும்பியவர், அன்று முதல் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம். ஆனால் குடி எழுந்து போன இடத்தில் இனிப்பு வந்து அமர்ந்துகொண்டது. உடல் பருத்தது, சாரத்தில் ஏறினால் மூச்சு வாங்கியது. இவ்வாண்டு உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் விடியற்காலை எழுந்து, இருபது வயதில் ஓடிய தூரத்தை அப்படியே ஓடினார். இரண்டாம் நாளும் ஓடினார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வாரம் வேலைக்கும் செல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்த ஒரு வாரம் அவர் முகம் பழைய முகமாய் இருந்தது, சாமி. கடைக்குப் போய்விடுவாரோ என்று நானும் மகளும் மாறி மாறி வாசலில் உட்கார்ந்திருந்தோம்" என்று அச்சகோதரி எழுதுகிறார். அவர் போகவில்லை. ஆனால் இப்போது மீண்டும் ஓட வேண்டும் என்கிறார். மூத்த சகோதரரோ, "இந்த வயதில் ஓட்டம் எதற்கு? செபமாலையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும்" என்கிறார். பழைய ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு அழைக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது என்பதே கடிதத்தின் கேள்வி.

மூத்த சகோதரரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. செபமாலையும் நடையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எலியாஸ் இறைவாக்கினர் சூரைச்செடியின் நிழலில் விழுந்து, இனி வாழ வேண்டாம் என்று கிடந்தபோது, ஆண்டவர் அனுப்பிய தூதர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதலில் உறங்க விட்டார்; பின்னர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; மறுபடி உறங்க விட்டு மறுபடி உண்ணச் சொன்னார். அதன் பிறகே ஓரேப் மலையை நோக்கி நாற்பது நாள் நடை. இறைவனின் மெல்லிய குரலை அவர் கேட்டது அந்த நடையின் முடிவில்தான். உடல் தூய ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பர், அதே திருமுகத்தில் பந்தயத்தில் ஓடுவோரின் ஒழுங்கையும் எடுத்துக்காட்டுகிறார். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் குருவாயிருந்த காலத்தில், 1889-ல், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்தே ரோசாவில் ஏறியவர். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசரான பின்னரும் மலைநடையை விடவில்லை. ஆதலின் பக்திமானுக்கு உடற்பயிற்சி ஆகாது என்று எவரும் எண்ண வேண்டாம்.

குடியை விட்டவருக்கோ அது பொழுதுபோக்கு மட்டும் அன்று. குடி உடலை மட்டும் பிடித்திருப்பதில்லை. நாளின் ஒரு பகுதியையே பிடித்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து கை கால் கழுவியதும் எங்கே செல்வது என்பதை அதுவே பதினைந்து ஆண்டு முடிவு செய்து வந்தது. அது போனதும் அந்த நேரம் வெறுமையாய்க் கிடக்கிறது. உறக்கமும் பல மாதங்கள் வரை சீராவதில்லை. காரணமின்றி எரிச்சல் வருகிறது. அளவான நடை உறக்கத்தைச் சீர்படுத்தும், மனச்சோர்வைக் குறைக்கும். குடிக்க வேண்டும் என்னும் வேட்கை எழுந்தால் அது பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடக்கூடியது. அந்த அரை மணியை எழுந்து நடந்தே கழித்துவிட்டவர் பலர்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 1856-ல் பிறந்த மாட் டால்பட்டை வாசகர் பலர் அறிந்திருப்பர். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிக்கவும் பழகியவர். 1884-ல், தமது 28-ஆம் வயதில், மூன்றே மாதத்துக்குக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். வாழ்நாள் முழுவதுக்கும் அல்ல, மூன்று மாதம்! அதுவே பின்னர் நீண்டு, 1925-ல் திருப்பலிக்கு நடந்து செல்லும் வழியில் தெருவிலேயே விழுந்து உயிர்விடும் வரை நாற்பத்தோராண்டு நிலைத்தது. தொடக்க நாள்களில், தோழர்கள் மதுக்கடைக்குச் செல்லும் அந்த மாலை வேளையில், அவர் நகரத் தெருக்களில் நடந்தார். கோவில்களுக்குள் சென்று அமர்ந்தார். சட்டைப்பையில் பணம் எடுத்துச் செல்வதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார். கைப்பேசியே பணப்பையாகிவிட்ட இந்நாளில், மாலைநடைக்குச் செல்லும்போது அதையும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது நன்று. 1975-ல் திருச்சபை டால்பட்டை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. (அவர் மேற்கொண்ட கடுந்தவங்களை நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. அவருடைய நடையைப் பரிந்துரைக்கிறோம்.)

எப்படித் தொடங்குவது? முதலில் ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, முதல் நான்கைந்து நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, சித்தத் தடுமாற்றம் ஆகியவை வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்நாள்களில் ஓட்டமும் கூடாது, "வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்திவிடலாம்" என்னும் துணிச்சலும் கூடாது. மருத்துவமனையே தக்க இடம். அக்கட்டத்தை இந்தக் கணவர் கடந்துவிட்டார். ஆயினும் மீண்டும் தொடங்குமுன் மருத்துவர் ஒருவரைக் கண்டு, பதினைந்து ஆண்டுக் குடியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிகுந்த குடி இதயத் தசையைத் தளர்த்தும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஈரலின் நிலையை நாம் சொல்ல வேண்டியதில்லை. உயிர்ச்சத்து 'பி1' குறைவால் நரம்புகளும் நலியும். பாதங்கள் மரத்திருப்பவர் கரடுமுரடான வழியில் ஓடினால், காலில் பட்ட காயம்கூடத் தெரியாமல் போகலாம். இ.சி.ஜி., இரத்தச் சர்க்கரை, ஈரல் சோதனை ஆகிய மூன்றையும் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சுவலி, தலைச்சுற்றல், கால் வீக்கம் கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்க.

அதன்பின் நடையே போதும். ஓட்டம் பிறகு வரட்டும். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதைக் கண்டு மலைக்க வேண்டாம். முதல் வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அடுத்த வாரம் பதினைந்து. பேசிக்கொண்டே நடக்க இயல வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் மிகுதி என்று கொள்க. கொத்து வேலையே பயிற்சிதானே என்று சிலர் கேட்பர். அதுவும் உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முதுகையும் தோளையும் களைப்படையச் செய்யும் அளவுக்கு மனத்தை இளக்குவதில்லை. சித்தாள் சுமை தூக்கியபின் "நடந்து வருகிறேன்" என்று எவரும் கிளம்பக் காண்கிறோமா?

பசியோடு மாலையில் வெளியே போகலாகாது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிக்குத் திரும்பும் வாசல்கள் என்று ஏ.ஏ. குழுவினர் தம்முள் சொல்லிக்கொள்வர். அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935-ல் தோன்றிய அவ்வியக்கத்துக்கு, 1939 முதல் அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் இக்னேஷியா என்னும் கன்னியர் பேருதவி புரிந்தார் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வேலை விட்டு வந்ததும் இரண்டு இட்டிலியோ, ஒரு கிண்ணம் சுண்டலோ உண்டுவிட்டுப் புறப்படலாம். இனிப்பின் மீதுள்ள ஆசையும் அதனால் சற்று அடங்கும்.

வழியைத் தேர்ந்தெடுப்பது சிறு காரியம் அன்று. 1971-ல் மதுவிலக்கு நீக்கப்பட்டதையும், மீண்டும் வந்து மீண்டும் போனதையும், 2003 முதல் அரசுக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்தி வருவதையும் பற்றி நமக்குச் சொல்ல நிறைய உண்டு. அதை வேறொரு மாதம் சொல்வோம். இப்போதைக்கு, கடை இல்லாத பக்கமாக நடக்க வேண்டும். ஊரில் அப்படி ஒரு பக்கமே இல்லையெனில், காலை வேளையில் நடந்து, கோவிலுக்கு வந்து திருப்பலி கண்டு திரும்பலாம்.

இனி, அச்சகோதரியின் கடிதத்தில் நம் மனத்தை மிகவும் தைத்த இடத்துக்கு வருவோம். முழங்கால் வீங்கியதால் ஓட்டம் நின்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தார். ஏன்? குடியை விட்டவர்கள் தம்மை ஒரே தராசில் நிறுக்கப் பழகியிருக்கிறார்கள். தொட்டால் விழுந்தேன், தொடாவிட்டால் நின்றேன் என்பது அந்தத் தராசு. குடியைப் பொறுத்தவரை அது சரி. அதில் சிறிது என்பது அவர்களுக்கு இல்லை. ஆனால் அதே தராசை நடைக்கும் உணவுக்கும் வேலைக்கும் கொண்டுவந்தால் ஒவ்வொரு சிறு தவறும் வீழ்ச்சியாகத் தோன்றும். வீழ்ந்தவன் இனி எதற்குத் தாங்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் நுழைகிறது. நடக்காத நாள் வேறு. குடித்த நாள் வேறு. மழையானாலும் காய்ச்சலானாலும் வெறும் சோம்பலேயானாலும், நடக்காத நாளுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் போதும். வீட்டாரும், "இன்றைக்குப் போகவில்லையா?" என்று நீதிபதி போல் கேளாதிருப்பார்களாக. அந்தக் கேள்வியில் பழைய கேள்வியின் ஒலி அவருக்குக் கேட்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடியை விட்ட வேகத்தில் உடற்பயிற்சிக்கே அடிமையானவர்கள் இருக்கிறார்கள். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி; ஞாயிறு திருப்பலிக்கு நேரமில்லை; பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்கு வரமாட்டார்; நடக்காத மனைவியைப் பார்த்தால் இளக்காரம். முன்பு வீட்டில் இல்லாதிருந்தவர் இப்போதும் வீட்டில் இல்லை. இத்தகையவரை அன்போடு பிடித்து நிறுத்த வேண்டும். நடையை நம்பி மருந்தையும், கூட்டத்தையும், அருட்சாதனங்களையும் கைவிட்டவருக்கும் இதையே சொல்வோம்.

அச்சகோதரியும் உடன் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆனால் காவலுக்கு அல்ல. அவருக்கும் பதினைந்து ஆண்டு உறக்கம் கெட்டிருக்கிறது. அவருடைய உடலுக்கும் அந்த நடை வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் தம் தோழியரோடு வேறு வழியில் நடப்பாராயின் இன்னும் நன்று.

கடைசியாக மைதானம். பந்தில் ஆபத்து இல்லை. பந்தைக் கட்டிவைத்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தில்தான் ஆபத்து. முழங்கால் ஆறி, நடை மூன்று மாதமேனும் நிலைத்தபின், மருத்துவரும் இசைந்தால் அவர் ஆடட்டும். குடியாத நண்பர் ஒருவரோடு சென்று, அவரோடு திரும்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் செல்வேன் என்று ஆடுமுன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்தபின் சொல்ல நா எழாது. அதற்கு முன்னரே மாலையில் நம் சிறுவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கக் கற்பிக்கலாமே. சிறுவர்கள் ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவரும் போகலாம்.

இங்கே பங்கு இளைஞர் மன்றத்தாருக்கு ஒரு வார்த்தை. திருவிழாவையொட்டி நீங்கள் நடத்தும் கைப்பந்து, கபடிப் போட்டிகளில் பரிசுத்தொகையை ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள். அது அன்றிரவே எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இவ்வாண்டு பணத்துக்குப் பதிலாகப் பந்தும் வலையும் காலணியும் கொடுங்கள். மிச்சத்தில், ஆடிய அனைவருக்கும் பள்ளி வளாகத்திலேயே சுடச்சுட இரவு உணவு போடுங்கள். தாய்மார் சங்கத்தார் சமைக்க முன்வருவார்கள் என நம்புகிறோம். அவ்வாறு நடத்திப் பார்க்கும் பங்கு எதுவாயினும், ஆன செலவுக் கணக்கை நமக்கு எழுதி அனுப்பினால் மற்றப் பங்குகளுக்குப் பயன்படுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.