கல்லு மிதக்குது, சரி. படகு எத்தனை பேரைத் தாங்கும்?

ராமேஸ்வரம் போயிருந்தீங்கன்னா மிதக்கும் கல்லைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில்ல தண்ணீர்த் தொட்டிக்குள்ள கிடக்கும். கையால் அமுக்கினா உள்ளே போயிட்டு மறுபடி மேலே வரும். என் சொந்த ஊர் அபிராமம். மாவட்டம் ராமநாதபுரம்தான், ஆனா கடலைப் பார்க்கணும்னா நாங்களும் பஸ் ஏறித்தான் போகணும். வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தா ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறது என் வேலை. ஒரு தடவை பெரியப்பா அந்தத் தொட்டி முன்னாடி நின்னு கேட்டார்: "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, கல்லு எப்படிப்பா மிதக்குது?"

"அடர்த்தி கம்மி பெரியப்பா"ன்னு ரெண்டே வார்த்தையில் தப்பிச்சேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரியலைன்னு எனக்குத் தெரியும்; எனக்குமே அப்போ அவ்வளவுதான் தெரியும்.

கொஞ்சம் ஒழுங்கா யோசிப்போம். ஒரு பொருள் தண்ணிக்குள்ள இறங்கும்போது தன் இடத்துக்காகக் கொஞ்சம் தண்ணியை விலக்குது. விலகின தண்ணியின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோட தண்ணி அதை மேலே தள்ளுது. முழுசா முங்கறதுக்கு முன்னாடியே அந்தத் தள்ளல் பொருளின் எடைக்குச் சமமாயிட்டா அது மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இவ்வளவுதான். இப்போ கல்லுக்கு வருவோம். பவளப்பாறை கால்சியம் கார்பனேட். காத்து இல்லாத கெட்டித் துண்டு ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தா சுமார் 2.9 கிராம் இருக்கும். அப்போ பவளக்கல் ஒண்ணு நல்ல தண்ணியில் மிதக்கணும்னா, அதன் மொத்தக் கனஅளவில் கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு தண்ணி புகாத காத்தறையா இருக்கணும். எரிமலை நுரைக்கல்லும் இதே கதைதான். 1883ல் கிரகட்டோவா வெடிச்சப்போ கடல்ல கொட்டின நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் மிதந்தே போச்சு. துளைக்குள்ள மெல்லத் தண்ணி ஏறினா அதே கல் ஒரு நாள் முங்கவும் செய்யும்.

கையில் இருக்கிறது எந்தக் கல்லுன்னு தெரியணுமா? ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டா பவளக்கல் நுரைக்கும், எரிமலைக் கல் சும்மா இருக்கும். (இதைக் கோயில் தொட்டியில் போய்ச் செஞ்சு பார்க்காதீங்க. கும்பிடுறவங்க கும்பிடட்டும். நமக்கு லேப் இருக்கு.)

ஆனா நான் எழுத வந்தது கல்லைப் பத்தி இல்லை. 'ஏன் மிதக்குது'ங்கிறதோட நாம நிறுத்திக்கிறோம். 'இன்னும் எவ்வளவு தாங்கும்'னு யாரும் கேட்கிறதில்லை. உயிர் போறது அந்த ரெண்டாவது கேள்வியில்தான்.

போன வருஷம் வகுப்பு நண்பர்களோட கடலோரத்தில் ஒரு இடத்துக்குப் போய்ப் படகு ஏறினோம். எல்லாருமே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முடிச்சவங்க. மெட்டாசென்டருக்கு 13 மார்க் கேள்வி எழுதினவங்க. நடுவுல எவனோ "டேய், அங்க பாரு டால்பின்!"னு கத்தினான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் போனைத் தூக்கிட்டு இடது பக்கம் பாஞ்சது. நானும்தான். படகு ஒரு சாய்வு சாய்ஞ்சது பாருங்க, வயிறு ஜில்லுன்னு ஆயிருச்சு. படகோட்டி அண்ணன் போட்ட சத்தத்தில் டால்பின்கூட ஓடியிருக்கும்: "உக்காருங்க தம்பி! எந்திரிக்காதீங்க!" அவர் மெட்டாசென்டர்னு ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனா அன்னைக்கு அந்தப் படகில் அது தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். லைஃப் ஜாக்கெட்டை எங்களில் பாதிப் பேர் மடியில் வச்சிருந்தோம், போட்டோவில் நல்லா இருக்காதுன்னு.

ஊர் திரும்பினதும் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்க. 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், சுலபத்துக்குச் செவ்வகப் பெட்டின்னு வச்சுக்குவோம். அடிப்பரப்பு 9 சதுர மீட்டர். படகு ஒரு சென்டிமீட்டர் கூடுதலா இறங்கினா 90 லிட்டர் தண்ணி விலகும். கடல் தண்ணின்னா 92 கிலோ. அதாவது ஒன்றரை ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர். 60 கிலோ ஆள் 10 பேரைக் கூடுதலா ஏத்தினா படகு இறங்குறது வெறும் ஆறரை சென்டிமீட்டர். நாலு விரல் அகலம்! பார்க்கிற கண்ணுக்கு ஒண்ணுமே ஆகலை. "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்ப்பா"ன்னு எவனும் சொல்லுவான்.

அந்த நாலு விரல் என்ன பண்ணுதுன்னு பாருங்க. முதல்ல தண்ணிக்கு மேலே படகின் விளிம்பு 25 சென்டிமீட்டர் இருந்ததுன்னு வைங்க. 18 டிகிரி சாய்ஞ்சாத்தான் விளிம்பு தண்ணியைத் தொடும். 10 பேர் ஏறின பிறகு 14 டிகிரியே போதும். அந்தப் பத்துப் பேரும் எந்திரிச்சு நின்னா எடையின் மையம் மேலே ஏறும், படகு நிமிர்ற வலு குறையும். ஒரே பக்கம் போனா சாய்க்கிறதும் அவங்களே. விளிம்பு வழியா ஒரு தடவை தண்ணி உள்ளே வந்துட்டா, அதுவரைக்கும் மிதக்க வச்ச காத்துக்குப் பதில் தண்ணி உட்கார்ந்துக்கும். கணக்கு முடிஞ்சது.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2009 செப்டம்பர் 30, தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிஞ்சதும் அப்போ காரணமாச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7, கேரளத்தில் தானூரில் 22 பேர். 1628ல் ஸ்வீடனின் 'வாசா' போர்க்கப்பல் முதல் பயணத்தில் ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாம கவிழ்ந்தது. அதுக்கு முன்னாடியே 30 ஆட்களைத் தளத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டுச் சோதிச்சிருக்காங்க. கப்பல் ஆடின ஆட்டத்தைப் பார்த்து சோதனையை நிறுத்தினாங்களே தவிர, பயணத்தை நிறுத்தலை. துறைமுகத்தில் நிக்கும்போது அந்தக் கப்பலும் நல்லாத்தான் மிதந்துச்சு.

சரக்குக் கப்பல்களுக்கு ஒரு நல்ல பழக்கம் வந்தது. இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்கிற எம்.பி. பல வருஷம் சண்டை போட்டு, 1876ல் கப்பல் பக்கவாட்டில் பாரக்கோடு போடணும்னு சட்டம் வந்தது. கோடு தண்ணிக்குள்ள போச்சுன்னா பாரம் அதிகம். படிக்காதவனும் பார்த்துச் சொல்லலாம். பின்னாடி நல்ல தண்ணிக்குத் தனிக் கோடு, கடல் தண்ணிக்குத் தனிக் கோடுன்னு வந்தது, ஏன்னா கடல் தண்ணி கனம், அதே பாரத்துக்குக் கப்பல் கம்மியா இறங்கும். சுற்றுலாப் படகிலும் அப்படி ஒரு பளிச்சுன்னு பெயின்ட் கோடு வேணும்ங்கிறது என் கருத்து. "15 பேர் மட்டும்"னு எழுதின போர்டைவிட அது நேர்மையானது. போர்டு ஆளை எண்ணச் சொல்லும். கோடு எடையைக் காட்டும்.

இன்னொண்ணு லைஃப் ஜாக்கெட். "இந்தத் துக்கினியூண்டு ஸ்பாஞ்சு 60 கிலோ ஆளைத் தூக்குமா?"ன்னு நக்கலாக் கேட்பாங்க. 60 கிலோவைத் தூக்க வேண்டியதே இல்லை. நம்ம உடம்பு ஏறக்குறைய தண்ணி அளவு அடர்த்திதான். மூக்கும் வாயும் தண்ணிக்கு மேலே நிக்கிறதுக்கு சில கிலோ தள்ளல் போதும், ஜாக்கெட் அதைவிட அதிகமாவே தரும். எங்க ஊர்ப் பக்கம் மழைக்குப் பிறகு கம்மாய் நிறைஞ்சா, சின்னப் பசங்க இடுப்பில் காலி கேனைக் கட்டிக்கிட்டு நீச்சல் பழகுறது இதே தத்துவம்தான். ஆனா கேன் மூடி கழண்டா தத்துவமும் கழண்டுரும், பார்த்துக்கோங்க.

நம்ம லேபில் மெட்டாசென்ட்ரிக் ஹைட் சோதனை இருக்கு. குட்டித் தகரப் படகு, நகர்த்துற எடை, கோண அளவி. ரீடிங் எடுப்போம், பாதிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம். அந்த வைவாவில் ஒரே ஒரு கேள்வி கேட்டா நல்லா இருக்கும்: "இந்த அளவுள்ள நிஜப் படகில் எத்தனை பேரை ஏத்துவே, எங்கெங்க உட்கார வைப்பே?" துறையில் கேட்டுப் பார்க்கலாம்னு நாங்க நாலு பேர் பேசிட்டு இருக்கோம். டேப்பைக் கொண்டுபோய் நாட்டுப்படகு ஒண்ணை அளந்துட்டு வரவும் ரெடி. படகோட்டி அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி வச்சிருக்கேன். வர்றவங்க பேர் கொடுங்க. ஆனா எத்தனை பேர் ஏறுறோம்னு அவர்தான் முடிவு பண்ணுவார்.