கணபதியின் லேத்தும் டெல்லியின் கணக்கும்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு அடுத்த மாதம் எவ்வளவு வேலை இருக்கும் என்பதை, பம்ப் கம்பெனிகளும் வாகன உதிரிபாகக் கம்பெனிகளும் தரும் ஜாப் ஆர்டர்தான் தீர்மானிக்கிறது. ஆர்டர் வருமென்று நம்பிக் கடனில் மெஷின் போட்டவர், அது வராமல் போனாலும் தவணையைக் கட்டியாக வேண்டும். மத்திய பட்ஜெட்டும் ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் எத்தனை சதவீதம் வளரும் என்ற எண் அது. அதை வைத்துத்தான் வரி வருவாய் கணக்கிடப்படுகிறது. அதை நம்பித்தான் செலவுகள் அறிவிக்கப்படுகின்றன.

2019 ஜூலை பட்ஜெட், விலைவாசி உயர்வையும் சேர்த்து 12 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்தது. மொத்த வரி வருவாய் 24.61 லட்சம் கோடி ரூபாய் என்றது. அடுத்த மாதமே நாட்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கோவையின் பவுண்டரிகளும் பட்டறைகளும் வேலை நாட்களைக் குறைத்தன. 2020 ஜனவரியில் வந்த முதல் மதிப்பீடு, வளர்ச்சி 7.5 சதவீதம்தான் என்றது. செப்டம்பரில் அறிவித்த கார்ப்பரேட் வரிக் குறைப்பும் சேர்ந்துகொள்ள, ஆண்டு முடிவில் வந்த வரி சுமார் 20.1 லட்சம் கோடி. 3.3 சதவீதம் என்று சொன்ன நிதிப் பற்றாக்குறை 4.6 சதவீதத்தில் போய் நின்றது.

இந்தச் சறுக்கலின் சுமை டெல்லியோடு நிற்கவில்லை.

மாநிலங்களுக்கு 8.09 லட்சம் கோடி என்றிருந்த வரிப் பங்கு, திருத்திய மதிப்பீட்டில் 6.56 லட்சம் கோடியாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டு மிகைக் கணக்கால் கூடுதலாகப் போன தொகையும் இதில் கழிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,000 கோடிக்கு மேல் குறைந்தது. வருமென்று நம்பித் திட்டம் போட்ட மாநிலம், ஆண்டின் கடைசியில் கடனைக் கூட்ட வேண்டும் அல்லது செலவை வெட்ட வேண்டும்.

குறைத்துக் கணிப்பதும் சரியான வழியல்ல. 2021-22இல் 22.17 லட்சம் கோடி எதிர்பார்த்த இடத்தில் 27 லட்சம் கோடிக்கு மேல் வரி வந்தது. கொரோனாவில் நொடிந்த குறுந்தொழில்களுக்கு எவ்வளவு கை கொடுக்க முடியும் என்பதைப் பட்ஜெட் நாளிலேயே சரியாகச் சொல்லியிருக்க வேண்டிய ஆண்டு அது.

செலவு செய்கிறவரே வருமானத்தையும் கணிக்கும் முறை மாற வேண்டும். பிரிட்டன் 2010இல் கணிப்பு வேலையை நிதி அமைச்சகத்திடமிருந்து எடுத்து, தன்னாட்சி அலுவலகம் ஒன்றிடம் கொடுத்தது. இந்தியாவிலும் 15வது நிதிக் குழு சுதந்திரமான நிதி கவுன்சில் தேவை என்று பரிந்துரைத்தது. இன்னும் அது அமையவில்லை.

கவுன்சில் அமைந்தால் அதன் கணக்கில் கணபதிக்கும் இடம் வேண்டும். காலாண்டு வளர்ச்சி மதிப்பீடு, பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனங்களின் முடிவுகளைத்தான் பெரிதும் நம்புகிறது. கூலிக்குக் கடைசல் வேலை செய்யும் பட்டறையில் ஆர்டர் வறண்டு மெஷின் நிற்பது அதில் உடனே தெரிவதில்லை. இதற்கிடையே மத்திய அரசும் தமிழக அரசும் ஒன்றை அடுத்த பட்ஜெட்டிலேயே செய்யலாம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எதிர்பார்த்த வரி எவ்வளவு, வந்தது எவ்வளவு, தவறியது ஏன் என்ற விளக்கத்தை பட்ஜெட் உரையோடு சேர்த்தே அவையில் வைக்கலாம்.