கேட்டறிந்து நீரில் இறங்குவோம்

உடப்புக் கிராமத்திற்கு ஒருபுறம் கடல். மறுபுறம் முந்தல் களப்பும் ஒல்லாந்தர் காலத்து வாய்க்காலும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய் இவ்வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்து பானை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய இரு பிள்ளைகளும் நீரில் காலை விட்டபடி இருந்தனர். “இருட்டும் நேரத்தில் இப்படி இருக்கலாமா அம்மா?” என்று கேட்டேன்.

“எங்கட குளத்தில முதலை எந்தப் பக்கம் கிடக்கும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பாதர். இஞ்ச எங்களுக்கு ஆர் சொன்னது?” என்றார்.

அக்கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. இடம்பெயர்ந்த விவசாயி காணியையும் வீட்டையும் மட்டும் இழப்பதில்லை. தன் ஊர் நீரைப் பற்றிய அறிவையும் இழக்கிறார். முதலைக்கு நீரிலேதான் வெற்றி என்ற கருத்தை வள்ளுவர் ‘இடனறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது பொருத்தமானதே. இடத்தை அறியாதவனே முதலில் அகப்படுகிறான்.

எமது நாட்டில் இருவகை முதலைகள் உண்டு. குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் சதுப்பு முதலையை வன்னி மக்கள் நன்கு அறிவர். சிங்களத்தில் இதனை ‘ஹெல கிம்புலா’ என்பர். மற்றையது ‘கெட்ட கிம்புலா’ எனப்படும் உவர்நீர் முதலை. களப்புகள், ஆற்று முகத்துவாரங்கள், கண்டல் காடுகள் ஆகியவை இதன் வாழிடம். இது அளவில் பெரியது, மனிதருக்குக் கூடிய ஆபத்தானது. உப்புத் தண்ணீரில் முதலை இராது என்று குளத்து ஊரார் எண்ணினால் அது தவறாகும்.

2017 செப்டெம்பரில் அறுகம்பைப் பகுதிக்குச் சுற்றுலா வந்த 24 வயதுப் பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவர், களப்பு ஓரத்தில் முதலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவர் கை கழுவச் சென்றிருந்ததாகச் செய்திகள் கூறின. படித்தவரானாலும் அவ்விடத்திற்கு அவர் புதியவர்.

ஆகவே புதிய இடத்தில் நீரருகே செல்லுமுன் அவ்வூராரைக் கேளுங்கள். அதிகாலையிலும் மாலை மங்கிய பின்னும் நீரில் இறங்க வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே துறையில் குளிப்பதும் நல்லதல்ல. முதலை காத்திருக்கப் பழகிவிடும். கலங்கிய நீரில் முழங்காலளவு ஆழமே அது மறைந்திருக்கப் போதுமானது. கரைச் சேற்றில் வயிறு இழுபட்ட தடத்தைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். தோணியில் போகும்போது கையை நீரில் தொங்கவிடாதீர்கள். மீன் கழிவைத் துறையில் கொட்டாதீர்கள். பிள்ளைகளைத் தனியே தண்ணீர் அள்ள அனுப்பாதீர்கள். ஒருவர் கடிபட்டால், காயம் சிறிதாயினும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? வீட்டில் குழாயோ கிணறோ இல்லாதவரிடம் ‘வாய்க்காலுக்குப் போகாதே’ என்று சொல்வது எளிது. அந்தத் தாய் வேறெங்கே பானை கழுவுவார்? மாத்தறையில் நில்வளா கங்கையோரத்தில் மக்கள் கம்புகளை நட்டு, முதலை நுழையாத வேலி அடைத்துக் குளிக்கிறார்கள். அத்தகைய துறையொன்றை இங்கும் கூட்டு முயற்சியால் அமைக்கலாம். குடியேற்றங்களுக்கு அருகே பொதுக் கிணறு கேட்பது எமது உரிமை. முதலையைக் கொல்வது தீர்வாகாது. சட்டம் அதனைப் பாதுகாக்கிறது.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்கள் பல இன்றும் இங்கே வாழ்கின்றன. பழைய காணியைப் பார்க்க ஊருக்குப் போய்வருவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் குளித்து வளர்ந்த குளம் நீங்கள் விட்டுவந்தபடியே இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். அங்கும் இப்போது இருப்பவரைக் கேளுங்கள்.

உடப்பு மீனவருக்கு இந்தக் களப்பு தெரியும். வந்தவர் கேட்கக் கூச்சப்படலாம். ஆதலால் இருப்பவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். புதிதாக வந்த அயலவருக்கு நாம் செய்யும் முதல் உதவி, எந்தத் துறையில் இறங்கலாம் என்று கூட்டிச் சென்று காட்டுவதாக இருக்கட்டும்.