வழக்குப் போடச் சொல்பவருக்கு

"பாகுபாடு என்றால் வழக்குப் போட வேண்டியதுதானே, சட்டம்தான் இருக்கிறதே" என்கிறார்கள். எந்தச் சட்டம்? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு அமலுக்கு வந்ததே 2023இல்தான். அதிலும் பாகுபாடு எது என்ற விளக்கம் இல்லை.

கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் சமத்துவம் பேசும் அரசியலமைப்பின் 8ஆம் விதியை நம்பி நீதிமன்றப் படியேறினார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது.

கேமரன் மலையில் திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். வேலைநீக்கத்தை எதிர்க்க 60 நாள்தான் கெடு. குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துடையது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கோ பெர்மிட்டும் முதலாளியோடு கட்டப்பட்டது. புகார் எழுதும் கை கூரையையும் நினைக்கத்தானே செய்யும்?

முதலில் சட்டத்தில் விளக்கம் எழுதச் சொல்லுங்கள். கொழுந்து பறிப்பவரின் துணிச்சலைப் பிறகு அளக்கலாம்.